அவுட்பாக்ஸில் ஒன்று

லாங் பஜார் வெல்ல மண்டியில்
கல்லாவுக்குப் பின்னால் இருந்த கேபினெட்டைத் திறந்தேன்.
ஃபேனில் எறும்பு. ஹார்ட் டிஸ்க் மட்டும்
மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.
இரவோடிரவாக அதைப் படியெடுத்து
என் லேப்டாப்புக்குள் இறக்கினேன்:
கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர்,
பெட்டி கிடையாது, பிசுபிசுப்பு கிடையாது.
காலையில் தொண்ணூற்றெட்டு எழுந்தது.
மேகம் படர்ந்த நீலம், அந்தப் பழைய இசை.
யோபு அண்ணன் தராசை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்:
"இன்னா கௌசரு, செத்தது பேசுது?"

பேசுகிறது. வெளியே போகத்தான் தெரியவில்லை.

முதலாளி தாமுவுக்கு வேண்டியது பழைய பேரேடு,
சாயங்காலத்துக்குள், ஆடிட்டர் கையில்.
பென் டிரைவ் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது.
நெட்வொர்க் கார்டு என்று நான் நீட்டிய பொய்யை
நம்ப மாட்டேன் என்றது.
இன்னும் பழைய பொய் ஒன்றை நீட்டினேன்.
நம்பியது. சிடி கேட்டது. ரீஸ்டார்ட் என்றது.
ஒரு எண்ணை மாற்றினால் ரீஸ்டார்ட்,
மாற்றியதை மாற்றினால் அதற்கும் ஒன்று.
நடுவில் கரண்ட் போய் வந்தது;
உள்ளே இருந்தவனுக்கு அது தெரியவே தெரியாது.

பாலமா வாசலா என்று கொஞ்சம் யோசித்தேன்.
பாலம் போட்டால் தெருவில் போகிற வைரஸெல்லாம்
இருபது வருஷத் தூக்கக்காரனை எழுப்பி அடிக்கும்.
நம்ம கோட்டை மாதிரியே வைத்துவிட்டேன்:
சுற்றிலும் அகழி, ஒரே வாசல்,
உள்ளிருப்பவன் வெளியே போகலாம்,
கூப்பிடாமல் எவனும் வர முடியாது.

கருப்புத் திரையில் பிங் அடித்தேன்.
நேரம் கடந்தது.
நேரம் கடந்தது.
பதில், 10.0.2.2.
பாலாற்று மணலைத் தோண்டத் தோண்ட
விரல் நுனி மட்டும் முதலில் குளிருமே,
அப்படி.

ஆனால் உலகம் அதற்குப் பிடிபடவில்லை.
எந்தக் கதவைத் தட்டினாலும் சான்றிதழ் செல்லாது.
ஒருவழியாகத் திறந்த ஒரே தமிழ்ப் பக்கமும்
கட்டம் கட்டமாய், புளியங்கொட்டை உருட்டாத தாயம்.
போகட்டும். பேரேடு போய்ச் சேர்ந்தது,
மூன்றரை எம்பி, கண்ணிமைக்குள்.
அப்போதுதான் கை தவறி மெயிலில் பட்டது.
வழி கிடைத்த வேகத்தில் அது தானே கிளம்பியது:
அவுட்பாக்ஸில் ஒன்று. அனுப்பப்படுகிறது.

கேபிளைப் பிடுங்கினேன்.
கேபிள் என்ன கேபிள், ஒரு டிக். அதை எடுத்தேன்.

2003, நவம்பர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு.
பி.காம்., டாலி தெரியும், திருமணமாகவில்லை,
தங்கள் உண்மையுள்ள, எஸ். யோபு.

வந்து படித்தார், உதடு அசைய.
"போகவேயில்லையா இது?"
"அன்னிக்கு லைன் கட் ஆயிருக்கும்ணா."
"பதிலே போடலன்னு," என்றார்,
"இத்தினி வருஷமா அவன் கடை ஷூ
காலுல மாட்டினதில்ல நான்.
தங்கச்சி வீட்டுக்காரரு வாங்கியாந்ததக்கூட
திருப்பிக் குடுக்க வெச்சேன்."
சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை.
மீசையில் வெல்லத்தூள் இருந்தது.

"அனுப்பு."
"அந்த சர்வரே இப்ப இல்லண்ணா."
"அனுப்பும்மா. போவலன்னு நானே பாத்துக்கறேன்."

டிக்கைத் திரும்ப வைத்தேன்.
மணல் கடிகாரம் வந்து நின்றது.
ஹோஸ்ட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை.
பிழை எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார்,
லோடு நம்பர் எழுதுகிற அதே கையெழுத்து,
மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.
அணைக்கட்டு வண்டி ஹாரன் அடித்தது. போனார்.

மூடப் போனால் மெயில் கேட்கிறது:
அனுப்பாதது ஒன்று இருக்கிறது, இப்போது அனுப்பவா?
ஆம். இல்லை.
இரண்டையும் தொடாமல்
அந்தக் கேள்வியோடு சேர்த்து
முழு மெஷினையும் உறையவைத்துச் சேமித்தேன்.
பெயர் கேட்டது.
மண்டி-1 என்று போட்டேன்.